உங்களுக்குத் தெரியுமா? பரண் மேல் கம்ப்யூட்டர்... பிரமிக்க வைக்கும் சங்கதிகள்!

பரண் மேல் பழைய லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! ஒரு ரேம் அட்டை, புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றிய ஒரு பென் டிரைவ். இவ்வளவுதான் மருந்து! மருந்துக்கு முன் விருந்து வேண்டாமா? தேடித் தேடிப் பொறுக்கிய முத்துகள் இதோ. ஒவ்வொன்றும் அசல்!

விரலளவு ரேம்... விஸ்வரூபம்!

லேப்டாப் ரேம் அட்டை உங்கள் ஆள்காட்டி விரல் நீளம்தான். 8 ஜி.பி. அட்டைக்குள் மின்சாரத்தைத் தேக்கும் குட்டித் தொட்டிகள் எத்தனை தெரியுமா? 6,871 கோடியே 94 லட்சத்து 76 ஆயிரத்து 736! உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் பங்கு போட்டாலும் தலைக்கு 8 தொட்டி வரும்!

அத்தனை தொட்டியும் ஒழுகும்! 64 மில்லி செகண்டுக்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் மறந்து போகும். அதாவது, ஒரே செகண்டில் 15 தடவைக்கு மேல் நிரப்பும் வேலை நடக்கிறது. நீங்கள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும்!

ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ரேமின் ரகசியம் அவ்வளவுதான்! ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டு இதற்குக் காப்புரிமை பெற்ற நாள் 1968 ஜூன் 4. அரை நூற்றாண்டு தாண்டியும் உங்கள் மேஜையில் ஓடுவது அதே யோசனைதான்!

1970-ல் இன்டெல் விற்ற ‘1103’ ரேம் சிப்பின் கொள்ளளவு வெறும் 1,024 பிட். திருக்குறளின் முதல் குறளை இன்றைய யுனிகோடில் ஏற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 984 பிட்! ஒரே ஒரு குறளோடு சிப் ‘ஹவுஸ்ஃபுல்’!

ரேம் வளர வளர அதன் பசி குறைகிறது! டி.டி.ஆர். முதல் தலைமுறை கேட்டது 2.5 வோல்ட். டி.டி.ஆர்.2 கேட்டது 1.8. டி.டி.ஆர்.3-க்கு 1.5. டி.டி.ஆர்.4-க்கு 1.2. டி.டி.ஆர்.5-க்கு? வெறும் 1.1!

மேஜைக் கம்ப்யூட்டருக்கான டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் கால்கள் 240தான். நீளமும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரவே உட்காராது! நடுவில் உள்ள பள்ளத்தைச் சில மில்லிமீட்டர் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சின்னப் பள்ளம்தான் பூட்டு!

மெமரியில் ஒரு தகவலை எடுக்க 1 செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் எஸ்.எஸ்.டி.க்கு 16 நிமிடத்துக்கு மேல் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க்குக்கு? 27 மணி நேரத்துக்கு மேல்! இன்று காலைக் காபியின்போது கேட்டால், நாளை மதியச் சாப்பாட்டுக்குத்தான் பதில் வரும்!

8 ஜி.பி. அட்டை ஒன்றா, 4 ஜி.பி. அட்டை இரண்டா? இரண்டையே போடுங்கள்! இரட்டைப் பாதை உள்ள போர்டில், தகவல் போகும் அகலம் 64 பிட்டிலிருந்து 128 பிட்டாக விரிந்துவிடும். அதே 8 ஜி.பி., பாதை மட்டும் இரண்டு மடங்கு!

கம்ப்யூட்டரை அணைத்ததும் ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 2008-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ரேமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர வைத்துக் கழற்றினார்கள். நிமிடக்கணக்கில் எதையும் மறக்கவில்லை! திரவ நைட்ரஜனில் வைத்தபோது 1 மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய எல்லாம் அப்படியே இருந்தது!

ஸ்விட்ச் போட்டால் திரை வராமல் ‘பீப் பீப்’ என்று கத்துகிறதா? சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். ஸ்கூல் பையில் இருக்கும் சாதா ரப்பரால் ரேமின் தங்க நிறக் கால்களைத் தேய்த்து மாட்டச் சொல்வார்கள். பல நேரம் அதுவே போதும். பெரும் நோய்க்கு 5 ரூபாய் வைத்தியம்!

உங்கள் விரல் நுனியிலிருந்து தாவும் நிலைமின்சாரம் உங்களுக்கே உறைக்க வேண்டுமென்றால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிப்பைச் சுட்டுப் பொசுக்க 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும்! ரேமைத் தொடும் முன் இரும்பு பீரோவை ஒருமுறை தொட்டுவிடுங்கள்!

2003-ல் பெல்ஜியம் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கணக்குக்கு மிஞ்சி வாக்கு விழுந்தது. எண்ணிப் பார்த்தால் கூடுதல் வாக்கு சரியாக 4,096! மெமரியில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருந்தது. விண்வெளியிலிருந்து வந்த கதிர் தட்டிவிட்டிருக்கலாம் என்கிறார்கள்!

ஊசி நூலில் கோத்த மெமரி!

நிலவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டரின் புரோகிராம்களை டைப் அடித்து ஏற்றவில்லை. நெய்தார்கள்! காந்த வளையத்துக்குள் கம்பி போனால் 1. வெளியே போனால் 0. அமெரிக்காவின் வால்தம் நகரத்துத் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து ஊசியால் கோத்தார்கள். அதன் ரேம் எவ்வளவு? 4 கே.பி.கூட முழுசாக இல்லை!

1948 ஜூன் 21. மான்செஸ்டரின் ‘பேபி’ கம்ப்யூட்டர் தன் மெமரியிலிருந்தே ஒரு புரோகிராமை எடுத்து ஓட்டியது. உலகிலேயே முதல் தடவை! விடை வர ஆன நேரம் 52 நிமிடம். மொத்த மெமரி 128 பைட்!

பாதரசத்திலும் மெமரி இருந்தது! 1949-ல் கேம்பிரிட்ஜின் ‘எட்சாக்’ கம்ப்யூட்டர், நீண்ட குழாய்களில் நிரப்பிய பாதரசத்துக்குள் ஒலியலையாகத் தகவலை ஓடவிட்டது. மறுமுனையில் பிடித்து மறுபடி ஓடவிட்டது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம்!

1976-ன் உலகப் புகழ் சூப்பர் கம்ப்யூட்டர் ‘க்ரே-1’. எடை 5 டன்னுக்கு மேல். மெமரி? 8 எம்.பி.! உங்கள் 8 ஜி.பி. லேப்டாப்புக்குள் அதுபோல 1,024 க்ரேக்கள் உட்கார்ந்திருக்கின்றன!

1956-ல் ஐ.பி.எம். செய்த ‘ராமாக்’ ஹார்டு டிஸ்க் ஒரு டன்னுக்கும் அதிக எடை. உள்ளே 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 2 அடி அகலம். அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. மாத வாடகை 3,200 டாலர்!

1981 ஆகஸ்ட் 12-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் ஆரம்ப விலை 1,565 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்த ரேம் 16 கே.பி.! இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படம்கூட அதற்குள் அடங்குவது கஷ்டம்!

1984-ல் வந்த முதல் மேக் கம்ப்யூட்டரில் 128 கே.பி. ரேம் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கழற்ற வழியே இல்லை! 1986-ன் மேக் ப்ளஸ்ஸில் ரேமைச் செருகும் இடம் வந்தது. 4 எம்.பி. வரை ஏற்றலாம். இரண்டே வருடத்தில் 32 மடங்கு!

மெமரி மாயாஜாலம்!

1995-ல் ‘சாஃப்ட்ரேம் 95’ என்றொரு சாஃப்ட்வேர் சக்கைப்போடு போட்டது. மெமரியை இரட்டிப்பாக்கும் என்றார்கள். 6 லட்சம் பிரதி விற்றது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அது கூட்டிக் கொடுத்த மெமரி... பூஜ்யம்!

1993 ஜூலை 4. ஜப்பானின் நீஹாமாவில் ஒரு பிசின் தொழிற்சாலை வெடித்தது. சிப்புகளுக்கு உறை போடும் பிசினில் உலகத் தேவையின் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் வந்தது. சில வாரங்களில் ரேம் விலை உலகெங்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ரேமைக் கூட்டினால் வேகம் குறையுமா? குறைந்திருக்கிறது! 1997-ன் பென்டியம் போர்டுகளில் இருந்த இன்டெல் 430டி.எக்ஸ். சிப்செட், முதல் 64 எம்.பி.க்கு மட்டும்தான் ‘கேஷ்’ என்னும் அதிவேக மெமரியின் துணையைக் கொடுத்தது. 65-வது எம்.பி.யைப் போட்டதும் நடை தளர்ந்தது!

விண்டோஸ் 98-க்குத் தாராளமாக ரேம் போட்டால் குஷியாக ஓடும் என்றுதானே நினைப்பீர்கள்? 512 எம்.பி.யைத் தாண்டினாலே திணறும்! ‘மெமரி போதவில்லை’ என்று எச்சரிக்கைகூட வரும். மெமரி மிதமிஞ்சி இருக்கும்போது!

32 பிட் கம்ப்யூட்டரால் எண்ணக்கூடிய மெமரி முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதுதான் 4 ஜி.பி.! 32 பிட் விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் 8 ஜி.பி. மாட்டிப் பாருங்கள். 3 சொச்சம்தான் வேலை செய்யும். மிச்சம் முழுக்க வீண்!

64 பிட்டுக்கு மாறினால்? 1,84,467 கோடி கோடி பைட் வரை எண்ணலாம்! பழைய 4 ஜி.பி. உலகங்கள் 429 கோடி அதற்குள் அடங்கும்!

ஆபரேட்டிங் சிஸ்டம் அட்டகாசம்!

உலகையே ஆண்ட எம்.எஸ்.-டாஸை மைக்ரோசாஃப்ட் முதலிலிருந்து எழுதவில்லை. வாங்கியது! 1981-ல் சியாட்டில் கம்பெனி ஒன்றிடமிருந்து. டிம் பேட்டர்சன் எழுதிய அந்த சிஸ்டத்தை முழு உரிமையோடு எடுத்துக்கொள்ளக் கொடுத்தது 50,000 டாலர்!

1975-ல் பால் ஆலன் ‘ஆல்டேர்’ கம்ப்யூட்டருக்கான பேசிக் புரோகிராமைக் காட்ட விமானம் ஏறினார். அதை மெமரியில் ஏற்றும் குட்டி புரோகிராமை எழுத மறந்திருந்தார்கள். விமானத்திலேயே உட்கார்ந்து எழுதினார். இறங்கிப் போய்ப் போட்டதும் ஓடியது!

1985-ன் விண்டோஸ் 1.0 கேட்ட மெமரி 256 கே.பி. 2021-ன் விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜி.பி. 36 வருடத்தில் பசி 16,384 மடங்கு!

விண்டோஸ் 95 ஃப்ளாப்பியில் வந்தபோது மொத்தம் 13 ஃப்ளாப்பி. விண்டோஸ் 11-ஐ அதேபோல 1.44 எம்.பி. ஃப்ளாப்பிகளில் கொடுத்தால்? 3,500-ஐத் தாண்டும்! ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் 11 மீட்டர். மூன்று மாடி உயரம்!

விண்டோஸ் 95 திறக்கும்போது கேட்குமே ஓர் இனிய ஓசை, அதை அமைத்தவர் பிரையன் ஈனோ. எந்தக் கம்ப்யூட்டரில் அமைத்தார் தெரியுமா? போட்டிக் கம்பெனியின் மேக்கில்! 2025-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்த ஓசையை நாட்டின் ஒலிப் பொக்கிஷங்களில் சேர்த்துவிட்டது!

விண்டோஸ் 95-ன் கடைப் பிரதியை நிறுவும்போது கேட்கும் எண் சாவியின் கடைசி 7 எண்களைக் கூட்டினால் 7-ஆல் மீதியின்றி வகுபடும். பூட்டின் கணக்கே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏழு ஒன்றுகளை அடித்தாலும் திறந்தது!

விண்டோஸ் 95-ஐ அணைக்காமல் வைத்திருந்தால் சரியாக 49.7-வது நாளில் உறைந்துவிடும்! மில்லி செகண்டுகளை எண்ணும் கணக்குப் புத்தகத்தில் அன்றோடு பக்கம் தீர்ந்துவிடும். இது வெளியே தெரியவே 4 வருடம் ஆனது!

அதே 49.7 நாள் 2004 செப்டம்பர் 14-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வானில் வேலையைக் காட்டியது! விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் பேச்சுத் தொடர்பு அறுந்தது. நூற்றுக்கணக்கான விமானங்கள் வானில். கோளாறு நீடித்தது சுமார் 3 மணி நேரம்! யுனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றிய பிறகு வந்த வினை!

போயிங் 787 விமானத்தையும் ‘ரீஸ்டார்ட்’ செய்ய வேண்டியிருந்தது! மின்சாரத்தை 248 நாள் தொடர்ந்து அணைக்காமல் விட்டால் ஜெனரேட்டர் கட்டுப்பாடுகள் ஒட்டுமொத்தமாக நின்றுவிடக்கூடும் என்று 2015-ல் எச்சரித்தார்கள். மருந்து? அணைத்துப் போடுவதுதான்!

1998 ஏப்ரல் 20. பில் கேட்ஸ் மேடையில் நிற்கிறார். விண்டோஸ் 98 செயல் விளக்கம். ஸ்கேனரைச் செருகியதும் பெரிய திரை முழுக்க நீலம்! உலகமே பார்க்க, அதே இடத்தில் அப்படியே நின்றுபோனது!

விண்டோஸ் எக்ஸ்.பி.யின் பச்சை மலையும் நீல வானமும் ஓவியம் அல்ல. நிஜப் புகைப்படம்! கலிஃபோர்னியாவின் சோனோமாவில் 1996-ல் சார்லஸ் ஓ’ரியர் எடுத்தது. எக்ஸ்.பி. வெளிவந்ததோ 2001-ல்!

2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்.பி.க்கு ஆதரவு முடிந்தது. கதை முடிந்ததா? இல்லை! 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகை உலுக்கியபோது, மூடிய கணக்கைத் திறந்து எக்ஸ்.பி.க்கு மறுபடி மருந்து கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 3 வருடம் கழித்து!

ஒரு வெளிநாட்டு இளைஞர் 2011-ல் விண்டோஸ் 1.0-ஐப் போட்டார். அதன் மேல் 2.0. அதன் மேல் 3.0. இப்படியே ஏணிப்படி ஏறி விண்டோஸ் 7 வரை போனார். 1985-லிருந்து 2009 வரை, நடுவில் எதையும் அழிக்காமல், ஒரே மெய்நிகர் கம்ப்யூட்டரில்! பழைய டாஸ் விளையாட்டும் கடைசிவரை கூடவே வந்தது!

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாமல் ஒதுங்கக்கூடிய கம்ப்யூட்டர்கள் எத்தனை தெரியுமா? 24 கோடி என்று கணக்கிட்டிருந்தது ஓர் ஆய்வு நிறுவனம். பலவற்றில் ரேம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. இல்லாதது கொஞ்சம் புதிய பிராசசரோ, டி.பி.எம். என்னும் குட்டிப் பாதுகாப்பு சிப்போதான்!

2038 ஜனவரி 19. இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செகண்ட். அந்த நொடியோடு பழைய 32 பிட் யுனிக்ஸ் கடிகாரங்களில் இடம் தீர்ந்துவிடும். அடுத்த செகண்டில் அவை காட்டப்போகும் ஆண்டு 1901!

லினக்ஸ் பெங்குவின் வந்தாச்சு!

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சின்கி மாணவர் தவணைக்கு ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினார். ரேம் 4 எம்.பி. அதில் பிறந்ததுதான் லினக்ஸ்! அப்போது அவருக்கு வயது 21!

முதல் லினக்ஸ் சுமார் 10,000 வரி. இன்று? 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது!

பெற்ற வீட்டையே விட்டு வெளியேறியது லினக்ஸ்! 386 சிப்புக்கான ஆதரவை 2012 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். இனி தன்னைப் பெற்ற கம்ப்யூட்டரில் புதிய லினக்ஸ் ஓடாது!

உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஓடுபவை எத்தனை? 2017 நவம்பரிலிருந்து இன்றுவரை ஒரே விடை. 500!

அதே லினக்ஸ் குடும்பத்தில் ‘டைனி கோர்’ என்றொரு குட்டி இருக்கிறது. ஜன்னல், மெனு எல்லாம் சேர்த்தே 25 எம்.பி.க்குள்! ‘பப்பி லினக்ஸ்’ இன்னும் சமத்து. முழுசாக ரேமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பென் டிரைவைக் கழற்றிய பிறகும் ஓடும். ஹார்டு டிஸ்க்கே இல்லாவிட்டாலும் ஓடும்!

ஒரு காலத்தில் உபுண்டு சி.டி. இலவசமாக வீட்டுக்கே தபாலில் வந்தது! தபால் செலவும் அவர்களுடையது. உலகின் எந்த மூலைக்கும். 2005-ல் தொடங்கி 2011 வரை!

கேரளாவில் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஓடுவது அவர்களே வடிவமைத்த லினக்ஸ். 2019-ல் இதனால் மிச்சமாகும் என்று சொன்ன தொகை 3,000 கோடி ரூபாய்!

இந்தியாவுக்கென்றே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. பெயர் ‘பாஸ்’. 2007-ல் வந்தது. உருவாக்கியது சென்னை சி-டாக்! தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. உங்கள் வீட்டு அரசு லேப்டாப்பில் தேடிப் பாருங்கள்!

தமிழ் தெரிந்த விண்டோஸ்!

விண்டோஸ் 98-ல் யுனிகோடு தமிழ் நேராகத் தெரியாது. விண்டோஸ் 2000-ல்தான் ‘லதா’ எழுத்துரு கூடவே வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றியவர்களுக்குத் தாய்மொழி இலவசம்!

எக்ஸ்.பி.யில் கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழைச் சரிசெய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கன்ட்ரோல் பேனலில் ஒரே ஒரு ‘டிக்’. உடனே எக்ஸ்.பி. சி.டி.யைக் கேட்கும். ‘கொம்பு’ சரியான இடத்தில் உட்கார ஒரு சி.டி. வேண்டியிருந்தது!

யுனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய அறைகள் 128. நிரம்பியவை 72தான். அதைக் கொண்டு 247 எழுத்துகளும் வந்துவிடுகின்றன!

முந்திரி என்றால் பருப்பு மட்டுமல்ல, 320-ல் ஒரு பங்கு! அந்தப் பின்னத்தின் குறி 2019-ல் யுனிகோடில் ஏறியது. கூடவே காணி, மா, நெல் என்று மொத்தம் 51 குறிகள். பழைய விண்டோஸில் திறந்தால் வெறும் கட்டம்தான். நம் முன்னோர் கணக்கைப் பார்க்கவே அப்கிரேடு வேண்டும்!

வயசானாலும் சிங்கங்கள்!

2024 ஜனவரியில் ஜெர்மனியில் ரயில் வேலைக்கு ஒரு விளம்பரம். தேவை: விண்டோஸ் 3.11 தெரிந்தவர்! கம்ப்யூட்டரின் ரேம் 8 எம்.பி. அதிவேக ரயில் ஓட்டுநர்களுக்கு விவரம் காட்டும் திரைக்காகத்தான் இத்தனை தேடல்!

2015 நவம்பர் 7-ல் பாரிஸ் ஓர்லி விமான நிலையம் ஸ்தம்பித்தது. பனிமூட்ட விவரம் சொல்லும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதில் ஓடியது விண்டோஸ் 3.1. வயது 23!

மெக்லாரன் எஃப்1 கார் உலகில் மொத்தமே 106. பல கோடி ரூபாய் பெறும் அந்தக் கார்களைப் பழுதுபார்க்க மெக்கானிக்குகள் தேடி அலைந்தது 1990-களின் காம்பாக் லேப்டாப்பை! காருக்குத் தெரிந்த மொழி அதற்கு மட்டும்தான் தெரியும்!

அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 19 பள்ளிகளின் குளிர், சூடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு அமிகா கம்ப்யூட்டர். 1980-களில் போட்டது. 2015-லும் பணியில்!

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உலகைப் படைத்த ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் கதை எழுதுவது டாஸ் கம்ப்யூட்டரில். சாஃப்ட்வேர் வேர்ட்ஸ்டார் 4.0. அத்தனை ராஜ்ஜியமும் கறுப்புத் திரையில் எழும்பியது!

அமெரிக்க அணு ஆயுதப் படையின் தகவல் அமைப்பு 2019 வரை 8 அங்குல ஃப்ளாப்பியில் ஓடியது. கம்ப்யூட்டர் 1970-களின் ஐ.பி.எம்.! ஜப்பான் அரசோ ஃப்ளாப்பி கேட்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை 2024-ல்தான் ரத்து செய்து முடித்தது!

இப்போதே செய்து பாருங்கள்!

லேப்டாப்பைத் திறக்காமலே உள்ளே காலி இடம் உண்டா என்று பார்க்கலாம்! விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரியைத் தட்டுங்கள். ‘இரண்டில் ஒன்று’ என்று வந்தால் ஜாக்பாட். ஒரு செருகுமிடம் இத்தனை வருடமாக உங்களுக்காகக் காத்திருக்கிறது!

நேரம் அடிக்கடி மாறிப்போகிறதா? போர்டில் உள்ள பட்டன் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. அதன் பெயர் சி.ஆர்.2032. அந்த எண்ணே அளவு! 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். பெயரிலேயே ஸ்கேல் வைத்திருக்கிறார்கள்!

லினக்ஸ் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற கவலை வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது! டெல், லெனோவோ என்றால் ஸ்விட்ச் போட்டதும் எஃப்12. எச்.பி. என்றால் எஃப்9. ஒரே தட்டு!

32 பிட் விண்டோஸை அப்படியே 64 பிட்டாக ஏற்ற முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். போட்டோ, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் முதலில் நகல் எடுங்கள். இந்த ஒரு வரி மட்டும் உங்கள் வீட்டுப் பொக்கிஷத்தைக் காப்பாற்றும்!

2022-ல் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். 40 டன் லாரிகளில் ஏற்றினால் 15 லட்சத்து 50 ஆயிரம் லாரி! முறையாக மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதமே. உங்கள் லேப்டாப் அந்த லாரியில் ஏற வேண்டாமே!

விண்வெளியில் ஒரு சர்வீஸ் சென்டர்!

சர்வதேச விண்வெளி நிலையத்து லேப்டாப்களும் ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியவைதான்! 2013-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு விடை கொடுத்து டெபியன் லினக்ஸை ஏற்றினார்கள்!

ஹப்பிள் தொலைநோக்கியின் கம்ப்யூட்டரை 1999 டிசம்பரில் கழற்றி மாற்றினார்கள். விண்வெளி வீரர்கள் வெட்டவெளியில் மிதந்தபடி! புதிதாக மாட்டியது இன்டெல் 486. வேகம் 20 மடங்கு, மெமரி 6 மடங்கு. பூமியில் அப்போது பென்டியம் 3 காலம்!

செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டியின் ரேம் 256 எம்.பி. 2012 ஆகஸ்டில் இறங்கிய கையோடு அதற்கு சாஃப்ட்வேர் அப்கிரேடு நடந்தது. வேறொரு கிரகத்தில், 4 நாள்!

செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ரேடார் சாஃப்ட்வேர், விண்டோஸ் 98 காலத்துக் கருவிகளால் எழுதியது. அதற்கு 2022-ல் புது உயிர் கொடுத்தார்கள். ஏவி 19 வருடம் கழித்து!

இப்போது மகுடம்! 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1. மொத்த மெமரி 70 கே.பி.கூட இல்லை. 2023 நவம்பரில் ஒரு மெமரி சிப் கெட்டு, விண்கலம் உளறத் தொடங்கியது. மாற்று ரேம் கொண்டு போக முடியாது. அந்த சிப்பில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக்கி, மற்ற மெமரியின் இண்டு இடுக்குகளில் ஒளித்து வைத்தார்கள். 2024 ஏப்ரல் 18-ல் கட்டளை கிளம்பியது. போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல். திரும்பி வரவும் அதே நேரம். ஏப்ரல் 20-ல் பதில் வந்தது. பிழைத்துவிட்டது!

46 வயதுக் கம்ப்யூட்டர். நடுவில் 2,400 கோடி கிலோமீட்டர். அதையே எழுப்பிவிட்டார்கள்!

உங்கள் பழைய லேப்டாப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பரண் வரை 7 அடி. ஏணியைப் போடுங்கள்!